தோலுக்கு நிழல் இருக்கு... ஆளுக்கு?

இந்த வாரம் நம்ம ஏரியா மேட்டர்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு எந்தப் பக்கம் போனாலும் தோல் தொழில்தான் ஊருக்குச் சோறு போடுது. அந்தத் தொழில்ல ஒரு பழைய விதி உண்டு. பதப்படுத்தின தோலை நேரடி வெயில்ல போட்டுக் காய வைக்கக் கூடாது. வெச்சா விறைச்சுப் போயிடும். அதனால காத்தோட்டமான கொட்டகையில கம்புகள் கட்டி, வரிசையா தொங்கவிட்டு, நிழல்லயே உலர்த்துவாங்க. ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் அவ்ளோ மரியாதை!

அதே தோல் ஷூவோட 'அப்பர்' ஆகி, ஊசியும் நூலுமா ஆம்பூர் பக்கத்து வீடுகளுக்கு வருது. கையால தைக்க வேண்டிய வேலையை அக்காமாரும் அம்மாமாரும் வீட்டுல உட்கார்ந்தே முடிச்சுக் கொடுக்கறாங்க. ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. தையலுக்கு வெளிச்சம் வேணும், அதனால வாசப்படி. வாசப்படி மேற்குப் பார்த்து இருந்தா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அடுப்பங்கரை! அக்னி நட்சத்திர நாட்கள்ல வேலூர் வெயில் 40 டிகிரியைச் சர்வ சாதாரணமா தாண்டும்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதாவது, தோலுக்குக் கொட்டகை இருக்கு. தைக்கிற கைக்கு இல்லை. அதனால இந்த வாரம், வீட்டை ஒட்டி ஒரு மரப்பந்தல் போடுறது எப்படின்னு பார்ப்போம். வெளிநாட்டுக்காரங்க 'பர்கோலா'ன்னு ஸ்டைலா சொல்றாங்களே, அதேதான்!

பேருல என்ன இருக்கு?

'பர்கோலா' இத்தாலியச் சொல். அதோட வேர் லத்தீன்ல 'பெர்குலா'. சுவரை விட்டு வெளியே நீட்டின கூரைன்னு அர்த்தம். நாலு கால், மேல உத்திரம், அதுக்கு மேல இடைவெளி விட்ட சட்டங்கள், அதுல படர்ந்த திராட்சைக் கொடி. இவ்வளவுதான் சமாச்சாரம்.

நம்ம ஊருக்கு இது புதுசா என்ன? தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குல திராட்சை இன்னிக்கும் பந்தல்லதான் காய்க்குது. கொல்லைப்புறத்துப் புடலையும் அவரையும் எதுல ஏறுச்சு? இன்னொரு குஷியான விஷயம். ஆங்கில அகராதியில 'பண்டால்'னு ஒரு வார்த்தை இருக்கு. அது நம்ம 'பந்தல்'ல இருந்து போனதுதான். வார்த்தையை ஏற்றுமதி பண்ணிட்டு, பொருளை மட்டும் 'பர்கோலா'ன்னு இறக்குமதி பண்ணிட்டிருக்கோம் பாஸ்!

தகரமா, கீற்றா, மரமா?

"எதுக்கு இவ்ளோ வேலை? நாலு தகர ஷீட்டைப் போட்டா முடிஞ்சது"ன்னு உங்க சித்தப்பா சொல்வார். மரியாதையா கேட்டுக்கோங்க, அப்புறம் இந்தக் கணக்கைக் காட்டுங்க.

முதல் பிரச்னை சூடு. வெயில்ல காய்ஞ்ச தகரம் அடுப்புல வெச்ச தோசைக்கல் மாதிரி. மேல வாங்கின சூட்டை அப்படியே கீழே உட்கார்ந்திருக்கிறவங்க தலையில இறக்கும்.

ரெண்டாவது காத்து. காத்தோட அழுத்தத்தைக் கணக்குப் போட நம்ம இந்தியத் தரக் குறியீட்டுல ஒரு எளிய வாய்ப்பாடு இருக்கு. வேகத்தை (நொடிக்கு எத்தனை மீட்டர்னு) வர்க்கப்படுத்தி 0.6-ஆல பெருக்கணும். கோடை மழைக்கு முன்னாடி சுழட்டி அடிக்கிற காத்து மணிக்கு 90 கிலோ மீட்டர்னு வெச்சுப்போம், அதாவது நொடிக்கு 25 மீட்டர். விடை, சதுர மீட்டருக்கு 375 நியூட்டன். 10 அடிக்கு 8 அடி ஷீட்டுன்னா பரப்பு சுமார் 7.4 சதுர மீட்டர். தோராயமா 280 கிலோ விசை அந்த ஷீட்டைத் தூக்கப் பார்க்கும்! நாலு பேர் சேர்ந்து ஷீட்டைப் பிடுங்குற மாதிரி. இடைவெளி விட்ட மரச்சட்டத்துல காத்து பெரும்பாலும் ஊடால புகுந்து போயிடும்.

கீற்று? சூட்டுக்கு அதை மாதிரி ஒண்ணு கிடையாது, ஒத்துக்கறேன். ஆனா 2004-ஐ மறக்க முடியாது. அந்த வருஷம் ஜனவரி 23-ம் தேதி ஸ்ரீரங்கத்துல கல்யாண மண்டபத்துப் பந்தல் தீப்பிடிச்சு, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம். கீற்றுக் கூரைப் பள்ளிக்கூடத்துல 94 குழந்தைங்க. அதுக்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்கள்ல கீற்றுக் கூரை கூடாதுன்னு அரசாங்கம் இறங்குச்சு. அடுப்பும், ஒயரும், சில வீடுகள்ல பசை டப்பாவும் இருக்கிற வாசல்ல, தூங்குற அறைக்குப் பக்கத்துலயே காய்ஞ்ச ஓலையை நிரந்தரமா வைக்கிறது வேண்டாம்.

மரமும் எரியும்தான். ஆனா கனமான சட்டத்துல தீ பிடிக்கவும் பரவவும் நேரம் எடுக்கும். ஓலை அந்த நேரத்தைக் கொடுக்காது. அந்த சில நிமிஷம்தான் ஆள் வெளியே ஓடி வர்ற நேரம்.

சூரியன் எந்தப் பக்கம்?

இங்கதான் பலரும் கோட்டை விடுறாங்க. வெளிநாட்டு வீடியோ, புத்தகம் எல்லாம் "வீட்டுக்குத் தெற்குப் பக்கம் போடு"ன்னு சொல்லும். அவங்க ஊர்ல சூரியன் வருஷம் பூரா தெற்குப் பக்கமா போறதால அது சரி. வேலூர் இருக்கிறது ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில. ஏப்ரல் கடைசி வாரத்துல ஒரு நாள் நண்பகல்ல சூரியன் நேர் உச்சிக்கு வந்து நம்ம நிழலே காணாமப் போகும். அதுக்கப்புறம் ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம்! ஆக, கொளுத்துற மாசத்துல தெற்குப் பந்தலுக்குப் பெருசா வேலையே இல்லை.

நம்ம வில்லன் மேற்குச் சுவர். செங்கல் சுவர் சாயங்கால வெயிலைக் குடிச்சு வெச்சுக்கிட்டு, பல மணி நேரம் கழிச்சு ராத்திரி வீட்டுக்குள்ள கக்கும். பத்து மணிக்கு மேலயும் சுவரைத் தொட்டா கதகதன்னு இருக்கே, காரணம் அதான். பந்தலை மேற்குல போடுங்க.

ஆனா அங்கயும் ஒரு கணக்கு இருக்கு. மே மாசம் சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு சூரியன் தரையிலிருந்து 32 டிகிரி உயரத்துல இருக்கும். 9 அடி உயரத்துல 8 அடி நீட்டின பந்தல், அப்போ சுவரோட மேல் 5 அடிக்குத்தான் நிழல் கொடுக்கும். கீழே 4 அடிக்கு வெயில் அடிக்கும். தரையில உட்கார்ந்து தைக்கிறவங்க எங்க இருப்பாங்க? அந்த நாலு அடியிலதான்! அஞ்சு மணிக்கு நிழல் மூணு அடிக்கும் கீழ சுருங்கிடும்.

அதனால மேல கூரை மட்டும் பத்தாது. வெளிப்பக்க உத்திரத்துலயிருந்து ஒரு மூங்கில் தட்டி தொங்கவிடுங்க. சுருட்டி ஏத்துற மாதிரி இருந்தா நல்லது. இல்லேன்னா கயிறு கட்டிக் கொடியைப் படர விடுங்க. நண்பகலுக்குக் கூரை, சாயங்காலத்துக்குத் தட்டி. ரெண்டும் சேர்ந்தாத்தான் பந்தல் முழுசு.

ஒட்டியும் ஒட்டாமலும்

இப்ப முக்கியமான கட்டம். பந்தலோட தலையெழுத்து அது வீட்டைத் தொடுற அந்த ஒரு கோட்டுலதான் இருக்கு.

"சன்ஷேடுல ரெண்டு ஹூக்கு அடிச்சு மாட்டிடலாம் தம்பி"ன்னு யாராவது சொன்னா, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வெச்சுடுங்க. சன்ஷேடுங்கிறது தன் எடையையும் மழையையும் தாங்குறதுக்கான மெல்லிய காங்கிரீட் நாக்கு. அதுல பந்தலைத் தொங்கவிட்டா, காத்து அடிக்கும்போது ஆட்டி ஆட்டி உடைச்சுடும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் இன்னும் மோசம். நாலரை இஞ்ச் செங்கல்தான். பக்கவாட்டு இழுப்புக்கு அது நிக்காது. விழுந்தா கீழே உட்கார்ந்திருக்கிறவங்க மேல.

செங்கல் சுவர்ல போல்ட் போடலாமான்னா, பழைய சுவர்ல செங்கலும் கலவையும் எந்த நிலைமையில இருக்குன்னு பூச்சுக்கு வெளியேயிருந்து தெரியாது. விரிஞ்சு பிடிக்கிற ஆங்கர் போல்ட் பலமில்லாத செங்கலைப் பிளந்துடும். லின்டலோ, காங்கிரீட் பீமோ இருந்தா அதுல போடலாம். அது எங்க இருக்குன்னு வீட்டைக் கட்டின மேஸ்திரியைக் கேட்டுக்கிட்டு!

நான் சொல்ற வழி இதைவிட ஈஸி. வீட்டைத் தொடவே வேண்டாம். பந்தலுக்கு நாலு காலும் சொந்தக் காலா இருக்கட்டும். உள்பக்கக் கால் ரெண்டையும் சுவர்லயிருந்து ஒன்றரை அடி தள்ளி நடுங்க. அப்பத்தான் குழி தோண்டும்போது வீட்டு அஸ்திவாரத்துல கை வைக்க வேண்டி வராது. மேல போற கைமரங்களைச் சுவர் வரைக்கும் நீட்டி, ரெண்டு இஞ்ச் இடைவெளியில நிறுத்திடுங்க. பார்க்கிறவங்களுக்கு வீட்டோட ஒட்டினது மாதிரி தெரியும். மழைத் தண்ணி மரத்துக்கும் சுவருக்கும் நடுவுல தேங்காது, சுவர்ல ஓதம் ஏறாது. பந்தல் ஆடினாலும் வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது.

ஆனா ஒரு கண்டிஷன். சுவர் பிடிக்கலைன்னா பந்தல் தன்னைத் தானே பிடிச்சுக்கணும். ஒவ்வொரு கால்லயும் உத்திரத்துக்குக் கீழே 45 டிகிரியில ரெண்டு அடி முட்டுச் சட்டம், ரெண்டு திசையிலயும் கொடுக்கணும். இதை விட்டா நாலு கால் மேஜை மாதிரி ஒரு பக்கமா சாயும்.

கால் நனையக் கூடாது

பழைய திண்ணை வீடுகளைப் பாருங்க. மரத்தூண் ஒருநாளும் மண்ணுல நிக்காது. கீழே ஒரு கல் பீடம், அதுக்கு மேலதான் தூண். ஏன்? மண்ணைத் தொட்ட மரத்துக்கு ரெண்டு எதிரி. ஈரமும் கரையானும்.

அதையே இன்னிக்கு இப்படிப் பண்ணலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ரெண்டு அடி ஆழம் குழி. காங்கிரீட் போட்டு, தரைக்கு மேல அரை அடி பீடம் எழுப்பி, அதுல இரும்பு 'யு' கிளாம்ப் பதிச்சு, மரத்தை போல்ட்ல பூட்டணும். ஒரு குழி காங்கிரீட் சுமார் 300 கிலோ எடை. நாலும் சேர்ந்தா 1200 கிலோ. முன்னாடி சொன்ன 280 கிலோ காத்துக்கு இது போதும். ஆனா பலம் கீழே இருந்து மேல வரைக்கும் தொடர்ச்சியா போகணும். கால்ல போல்ட் போட்டுட்டு மேல வெறும் ஆணி அடிச்சா, காத்து ஆணியைத்தான் உருவும். உத்திரத்துக்கும் காலுக்கும், கைமரத்துக்கும் உத்திரத்துக்கும் துத்தநாகம் பூசின போல்ட்டுதான். கைமரம் உத்திரத்து மேல உட்கார்ற இடத்துல ஆசாரிகிட்ட சொல்லி ஒரு சின்ன வெட்டு வெட்டச் சொல்லுங்க. நழுவாது.

என்ன மரம், எவ்வளவு?

10 அடிக்கு 8 அடி பந்தலுக்கு என் கணக்கு இது. நாலுக்கு நாலு இஞ்ச்ல 9 அடிக் கால் நாலு. மூணுக்கு ஆறு இஞ்ச்ல 10 அடி உத்திரம் ரெண்டு. ரெண்டுக்கு நாலு இஞ்ச்ல 8 அடிக் கைமரம் ஆறு, ரெண்டு ரெண்டு அடி இடைவெளியில. அதுக்கு மேல ரெண்டுக்கு ஒண்ணு இஞ்ச் ரீப்பர் பதினஞ்சு. முட்டுச் சட்டமும் சேர்த்து மொத்தம் சுமார் 12 கன அடி. மரக்கடையில விலை கன அடிக் கணக்குல சொல்வாங்க. இந்த நம்பர் கையில இருந்தா யாரும் உங்களுக்குக் காது குத்த முடியாது!

தேக்கும் வேங்கையும் நின்னு பேசும். புதுசு வாங்கக் கட்டுப்படியாகலைன்னா, பழைய வீடு இடிக்கிற இடத்துல விசாரிங்க. பல வருஷம் காய்ஞ்சு முறுக்கு விட்டுப் போன உத்திரம், புது மரத்தை விடக் குறைவாவே வளையும். வாங்கும்போது சாவியால குத்திப் பாருங்க, உளுத்திருந்தா உள்ள இறங்கும். நல்லா வைரம் பாய்ஞ்ச பனஞ்சட்டமும் கைமரத்துக்குப் பிரமாதம். ஆனா அதுக்காக நிக்கிற பனையை வெட்டாதீங்க. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-லயே அரசு அறிவிச்சாச்சு. சவுக்குக் கம்பு சீப்தான், ஆனா வெயில் மழையில சில வருஷம்தான் தாங்கும். அதை மேல் சட்டத்துக்கு வெச்சுக்கலாம், காலுக்கு வேண்டாம்.

கரையானுக்கு நம்ம ஊர் மருந்து முந்திரிக்கொட்டை எண்ணெய். கையில பட்டா புண்ணாக்கிடும், அதனால கிளவுஸ் போட்டுக்கிட்டுத் தடவுங்க. மரத்தோட வெட்டுவாய்ப் பக்கம் ரெண்டு கோட்டிங் கூடுதலா. தண்ணி குடிக்கிற வாய் அதுதான்.

கொடி, தண்ணி, பாலாறு

வெறும் ரீப்பர் பாதி நிழல்தான் தரும். மீதியைக் கொடி தரணும். இங்க நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு. பாலாற்றுப் படுகையில தோல் கழிவு கலந்து நிலத்தடி நீர் கெட்டுப்போன கதை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்குல 1996 ஆகஸ்ட்ல வந்த தீர்ப்பு, நாடு பூரா சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர்களுக்குப் பாடம். 2025 ஜனவரியிலயும் பாலாறு மாசு பத்தி உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சு. ஆக, உங்க தெரு போர் தண்ணி உப்பா இருந்தா, ஆசைப்பட்டு வெச்ச முல்லையோட இலை ஓரம் கருகும். குறை உங்க கைராசியில இல்லை.

உப்புத் தண்ணி ஏரியான்னா காகிதப்பூ தாங்கும், ஆனா முள் இருக்கு. உட்கார்ந்து வேலை செய்யற இடத்துல உயரத்துலயே கவாத்து பண்ணி வைக்கணும். தண்ணி சுமாரா இருந்தா கோவைக்கொடி. நல்ல தண்ணி இருந்தா முல்லை. காய்கறிக் கொடின்னா பட்டம் பார்க்கணும். பீர்க்கு, புடலையைத் தைப் பட்டத்துல விதைச்சா, வெயில் ஏறும்போது பந்தல் மூடியிருக்கும். குழம்புக்கும் ஆச்சு! மாடியில விழற மழைத் தண்ணியை ஒரு டிரம்முல பிடிச்சு வெச்சா, கொடிக்கு அதைவிட நல்ல டானிக் கிடையாது.

இன்னொண்ணு, ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாடி கொடியைக் குறைச்சு வெட்டிடுங்க. அடர்ந்த கொடி காத்துக்குக் கிட்டத்தட்ட ஷீட்டு மாதிரிதான். வெயில் காலத்துல போர்வை, புயல் காலத்துல வலை. மரப்பந்தல்ல இந்த மாற்றம் ஒரு கத்திரியில முடிஞ்சுடும்.

வாடகை வீடா?

தையல் வேலை பார்க்கிற நிறைய குடும்பங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. "ஓனர் விடுவாரா?"ன்னு கேட்பீங்க. சுவர்ல ஒரு ஓட்டை கூடப் போடலைன்னா கேட்கிறது சுலபம். எல்லாமே போல்ட். காலி பண்ணும்போது ஸ்பேனர் எடுத்துக் கழட்டி வண்டியில ஏத்திடலாம். காங்கிரீட் பீடம் மட்டும்தான் ஓனருக்கு. ஒரே எச்சரிக்கை, காலோ கைமரமோ தெருவுக்குள்ள நீட்டக் கூடாது. நாளைக்கு ஆம்புலன்ஸ் வரணும், தேர் வரணும், கல்யாண ஊர்வலம் வரணும்.

பட்ஜெட் இடிக்குதா? ரெண்டு மூணு வீட்டுக்குப் பொதுவா ஒரு பந்தல் போடுங்க. அஞ்சு பேர் வட்டமா உட்கார்ந்து தைச்சா கதையும் ஓடும், கூலி நிலவரமும் தெரியும். தனித்தனி வாசப்படியில உட்கார்ந்தா யாருக்கு ஜோடிக்கு எவ்வளவு தர்றாங்கன்னே தெரியாது!

சிவில், மெக்கானிக்கல் மக்களே, உங்களுக்குத்தான் கடைசி வரி. மினி புராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையறீங்களா? உங்க தெருவுல மேற்குப் பார்த்த வாசல் ஒண்ணைப் பிடிங்க. ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக்கிட்டுப் போய், பந்தல் போடுறதுக்கு முன்னாடி நாலு மணிச் சுவர்ச் சூடு எவ்வளவு, போட்ட பிறகு எவ்வளவுன்னு குறிச்சு வைங்க. வைவாவுல அந்த ரெண்டு நம்பரைச் சொல்லுங்க. மார்க் போடுறது சார் இஷ்டம். அந்த வாசல்ல உட்கார்ந்து தைக்கிற அக்கா கொடுக்கிற மோருக்கு மட்டும் நான் கேரண்டி!